எம்டன் வந்த வருஷத்துப் பாக்குவெட்டி



செப்டம்பர் 22 வந்தால் டீச்சர் எம்டன் கதையைத் தொடங்கிவிடுவார் என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பில் இருந்த நாளிலும் அப்படித்தான், ஓய்வு பெற்று இந்தப் பக்கத்தில் எழுதத் தொடங்கிய பிறகும் அப்படித்தான். இந்த வருஷமும் அதே கதைதான். ஆனால் ஒரு திருத்தத்தோடு. உங்கள் நோட்டில் நான் சிவப்பு மையால் எத்தனையோ தடவை அடித்துத் திருத்தியிருக்கிறேன். இன்று என் நோட்டை நானே திருத்தப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த எல்லாருக்கும் அந்தப் பாக்குவெட்டி ஞாபகம் இருக்கும். ஒரு சாண் நீளம், கறுத்த இரும்பு, இரண்டு கைகளையும் ஒரு தலையில் சேர்த்து ஆணி அறைந்திருக்கும். கிளித் தலை, குதிரைத் தலை என்று அலங்காரம் எதுவும் கிடையாது. பிடியின் நுனியை மட்டும் லேசாகச் சுருட்டி விட்டிருப்பார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் உலகப் போர் பற்றிச் சொல்லும் நாளில் அதை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வருவேன். "இது எம்டன் போட்ட குண்டின் துண்டில் அடித்தது. உலகப் போர் நம்ம மயிலாப்பூர் வெற்றிலைத் தட்டுக்குள் வந்துவிட்டது, பாருங்கள்" என்பேன். பெஞ்ச் பெஞ்சாகக் கை மாறிப் போகும். விரலைக் கடித்துக்கொண்டவர்களும் உண்டு.

முப்பது வருஷத்துக்கு மேல் இதைச் சொன்னேன். முதலில் அந்த ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன். பாக்குவெட்டிக்குப் பிறகு வருகிறேன்.

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. ஆனந்த வருஷம், புரட்டாசி மாதம். அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நவராத்திரி தொடங்கிவிட்டது. மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு கொலு வைத்திருப்பார்கள். வானத்தில் நிலா இல்லை. ஐரோப்பாவில் போர் தொடங்கி ஏழெட்டு வாரம் ஆகியிருந்தாலும் சென்னைக்கு அது பத்திரிகையில் படிக்கும் சமாச்சாரம்தான். ஊரின் விளக்குகள் வழக்கம்போல எரிந்தன. கலங்கரை விளக்கம் அப்போது உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் இருந்தது. 1894 முதல் 1977 வரை அங்கேதான் இருந்தது. பிறகுதான் மெரினாவுக்கு வந்தது.

ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் விளக்கையெல்லாம் அணைத்துக்கொண்டு ஒரு கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரம். அதுதான் ஜெர்மன் கப்பற்படையின் எம்டன். 1908இல் கடலில் இறக்கப்பட்ட இலகு ரகப் போர்க்கப்பல். பத்து பீரங்கிகள், ஒவ்வொன்றின் வாயும் 10.5 சென்டிமீட்டர். தலைவர் கார்ல் ஃபான் முல்லர். சீனக் கரையில் ஜெர்மனியின் வசம் இருந்த சிங்தாவோ துறைமுகம்தான் அதன் தாய்வீடு. போர் தொடங்கியதும் மற்ற கப்பல்களை விட்டுப் பிரிந்து தன்னந்தனியாக இந்துமாக்கடலுக்குள் நுழைந்தது. அதற்கு மூன்று புகைபோக்கிதான். மரமும் துணியும் வைத்து நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆங்கிலேயர் கப்பல் போலத் தோன்றும்படி திரிந்தது. செப்டம்பர் மாதத்தில் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வரிசையாகப் பிடித்துவிட்டுத்தான் சென்னைக்கு வந்தது.

தேடுவிளக்கைப் போட்டது. துறைமுகத்துக்கு அருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் இருந்தன. முதல் குறி அவைதான். இரண்டு தொட்டிகள் தீப்பிடித்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலிலும் குண்டு விழுந்தது. உயர்நீதிமன்றத்தின் சுற்றுச்சுவர்ப் பக்கமும் விழுந்தது. இன்றும் அங்கே கிழக்குப் பக்கத்தில் அதைச் சொல்லும் கல் இருக்கிறது. அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 130 குண்டுகள். ஒரு குண்டு சுமார் 17 கிலோ. கணக்குப் போடுங்கள், இரண்டு டன்னுக்கும் மேலே. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டன, ஒன்றும் எம்டன்மேல் படவில்லை. பத்து மணிக்கு அது இருட்டில் போய்விட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். ஒரு பெரிய நகரத்தைத் தாக்கியதில் ஐந்து பேர் என்பது கணக்கில் சின்ன எண். அந்த ஐந்து வீட்டில் அது சின்ன எண் இல்லை.

சேதத்தைவிடப் பெரியது பயம். மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். ரயிலில் இடமில்லை, மாட்டு வண்டிக்குச் சொன்னதுதான் வாடகை. அப்போது எட்டு வயசான என் பாட்டியும் அதில் ஒருத்தி. என் அப்பாவைப் பெற்றவர். சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு. துறைமுகம் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் வடக்கே. "இடி மாதிரி விட்டு விட்டுச் சத்தம். மழைக்காலம் வந்துட்டுதுன்னு நினைச்சோம். மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தா வடக்கே வானம் செக்கச் செவேல்னு இருந்தது" என்பார் பாட்டி. கொலுப் படியில் பொம்மைகளை அப்படியே விட்டுவிட்டு, எழும்பூரில் ரயில் ஏறி மதுராந்தகத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அந்த வருஷம் சரஸ்வதி பூஜை மதுராந்தகத்தில்தான். பாட்டிக்கு அதுதான் பெரிய குறை. குண்டு விழுந்ததுகூட இல்லை, பொம்மைகளைப் பத்திரமாக எடுத்து வைக்கவில்லை என்பதுதான்.

எம்டன் நம் மொழிக்குள்ளேயும் புகுந்துவிட்டது. 'அவன் பெரிய எம்டன்டா' என்றால் கெட்டிக்காரன், கண்டிப்பானவன், லேசில் பிடிபடாதவன். உங்களில் பலர் என்னையும் அப்படிச் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. மலையாளத்தில் 'எமண்டன்' என்கிறார்கள். 2006இல் வந்த 'எம்டன் மகன்' படம், தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்பதால் 'எம் மகன்' ஆனதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்தக் கப்பல் பிறகு என்ன ஆயிற்று? அக்டோபர் 28 அன்று பினாங்கில் ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவில் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியபோது ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் வந்துவிட்டது. அதன் பீரங்கிகள் பெரியவை. அடிபட்ட எம்டனை முல்லர் அங்கிருந்த வடக்குத் தீவின் பாறையில் கொண்டு போய் ஏற்றினார். நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். கரையில் இறங்கியிருந்தவர்கள் ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலைப் பிடித்துக்கொண்டு தப்பி, அரேபியா வழியாகத் துருக்கி போய்ச் சேர்ந்தார்கள். அது தனிக் கதை, அடுத்த வருஷம் வைத்துக்கொள்வோம்.

இங்கேதான் உலோகம் வருகிறது. சிதைந்த எம்டனுக்குள் மெக்சிகோ வெள்ளி நாணயங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சீனக் கரையில் அந்த நாளில் செல்லுபடியான காசு அதுதான். அவற்றை மீட்டு சிட்னிக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரம் நாணயங்களுக்கு மேலே ஒரு சின்னக் கிரீடமும் தேதியும் பொருத்தி, சிட்னி நகரத்து நகைக்காரர் ஒருவரைக் கொண்டு பதக்கமாக்கினார்கள். கப்பலில் இருந்த வீரர்களுக்குக் கொடுத்தார்கள். இன்றும் ஆஸ்திரேலியாவில் சில குடும்பங்களில் அது தலைமுறைச் சொத்து. எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னியின் ஹைடு பூங்காவில் நிற்கிறது. கப்பலின் மிச்ச இரும்பை 1950களில் ஒரு ஜப்பானியக் கம்பெனி உடைத்து எடுத்துக்கொண்டு போனது. ஐரோப்பாவின் போர்க்களங்களிலும் வீரர்கள் வெற்றுக் குண்டுக் கூடுகளைத் தட்டிப் பூச்சாடியும் காகிதம் வெட்டும் கத்தியும் செய்தார்கள். ஆகவே சென்னையில் ஒரு குண்டுத் துண்டு பாக்குவெட்டியானது என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நானும் படவில்லை.

ஒரே ஒருவன் பட்டான்.

1990களின் நடுவில் ஒரு வருஷம். மூன்றாவது பெஞ்சில், ஜன்னல் ஓரம். பாக்குவெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்தான். "டீச்சர், இது அந்தக் குண்டுல செஞ்சதுதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "பெரியவங்க சொன்னா நம்பணும்பா, உட்காரு" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் ஒரு கேள்வியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்த வருஷம் மே மாதம் மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு அடையாறில் மகள் வீட்டுக்கு வந்தேன். சாமான் கட்டும்போது பாக்குவெட்டியை எடுத்தால் பிடி எல்லாம் துரு. பேத்திக்குக் கொடுப்பதாக முடிவு செய்திருந்தேன். அழுக்கோடு கொடுக்கக் கூடாதே என்று தேங்காய் எண்ணெயில் ஊற வைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். துரு போனதும் வெட்டும் அலகின் உட்பக்கத்தில், ஆணிக்குக் கிட்டே, சன்னமாகச் சாய்கோடுகள் தெரிந்தன. அதன்மேல் குறுக்கே இன்னொரு வரிசை. யாரோ ஊசியால் ஒரே அளவில் கீறி வைத்த மாதிரி. இத்தனை வருஷம் கண்ணில் படவில்லை.

மாட வீதியில் சாணை பிடிக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. எழுபதைத் தாண்டியவர், அப்பா காலத்தில் கொல்லுப் பட்டறை வைத்திருந்த குடும்பம். அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "அம்மா, இது அரம். தேஞ்சுபோன அரத்தைக் காய்ச்சி அடிச்சுப் பண்ணினது. பல்லைத் தேய்ச்சு எடுத்திருக்காங்க, ஆழமா இருந்தது மட்டும் நின்னுபோச்சு" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. "கீழ்க் கை?" என்று கேட்டேன். அதையும் தேய்த்துப் பார்த்தார். "இது பழைய பட்டை இரும்பு. மரத்துல நார் ஓடுற மாதிரி வரி ஓடுது பாருங்க. வண்டிச் சக்கரப் பட்டையா இருக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து யோசித்தேன். அரம் என்பது உரமேறிய எஃகு. இன்னொரு இரும்பை ராவுவதற்கே செய்தது. தேய்ந்த பிறகும் கொல்லர்கள் அதைத் தூக்கிப் போடுவதில்லை. கத்தி, உளி, அரிவாள்மணை அலகு என்று அடித்துவிடுவார்கள். செக்கச் சிவக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, மறுபடி காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் பதம் ஏறும். பட்டை இரும்புக்கு அந்தப் பதம் ஏறாது. ஆனால் அடியைத் தாங்கும், உடையாது. ஆகவே வெட்டும் அலகுக்கு அரம், தாங்கும் கைக்குப் பட்டை. செய்தவர் தொழில் தெரிந்தவர். குண்டு வெடித்தால் கனமான எஃகு தாறுமாறாகக் கிழிந்து சிதறும். அதில் அரத்தின் பல் வரிசையும் இருக்காது, நாரும் இருக்காது.

அப்படியானால் குண்டுக் கதை எங்கிருந்து வந்தது? தி.நகரில் அத்தை இருக்கிறார். எண்பத்தெட்டு வயது, பாட்டியின் கடைசிப் பெண். ஞாபகம் எனக்கு மேல். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கம்மா எப்போடி குண்டுல செஞ்சதுன்னு சொன்னா? எம்டன் வந்த வருஷத்துப் பாக்குவெட்டின்னுதான் சொல்லுவா. உங்க பெரியப்பாதான் பள்ளிக்கூடத்துல பந்தா காட்ட எம்டன் குண்டுன்னு ஆரம்பிச்சான். அம்மா சிரிச்சுப்பா. அவ்வளவுதான்" என்றார் அத்தை.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. கொள்ளுப்பாட்டிக்கு, அதாவது பாட்டியின் அம்மாவுக்கு, கல்யாணத்தில் பிறந்த வீட்டுச் சீராக வந்த பித்தளைப் பாக்குவெட்டி ஒன்று இருந்ததாம். மதுராந்தகம் ஓடியபோது அதை வெற்றிலைப் பெட்டியோடு மடியில் கட்டிக்கொண்டுதான் கிளம்பினாராம். எழும்பூர் ஸ்டேஷன் நெரிசலில் பெட்டியும் போயிற்று, பாக்குவெட்டியும் போயிற்று. எம்டன் பிடிபட்டது என்று செய்தி வந்து ஊர் திரும்பிய பிறகு, புதுசு வாங்கத் தாத்தா யோசித்தார். குளத்தங்கரைப் பக்கத்துக் கொல்லர், "இருக்கிற இரும்பில் அடித்துத் தருகிறேன்" என்றாராம். அதுதான் இது. கொள்ளுப்பாட்டி அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் "எம்டன் வந்த வருஷத்தில் அடிச்சது" என்பாராம். தொலைந்ததைப் பற்றிப் பேச மாட்டாராம்.

அந்த நாளில் அப்படித்தான் வருஷம் சொல்வார்கள். தேதி தெரியாது. 'எம்டன் வந்த வருஷம் பிறந்தவன்', 'தாது வருஷப் பஞ்சத்தில் வந்த குடும்பம்' என்பார்கள். வருஷத்தின் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருளின் பெயராகிவிட்டது. "வந்த வருஷத்துப் பாக்குவெட்டி" ஒரு தலைமுறையில் "எம்டன் பாக்குவெட்டி" ஆயிற்று. அடுத்த தலைமுறையில் "எம்டன் குண்டுப் பாக்குவெட்டி" ஆயிற்று. அதை வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பாடமாக்கியது நான். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்ட ஒருவனையும் உட்கார வைத்துவிட்டேன்.

இதே கையோடு இன்னொன்றையும் திருத்திவிடுகிறேன். எம்டனில் வந்து குண்டு போட வழிகாட்டியது செண்பகராமன் பிள்ளைதான் என்றும் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் பலரும் சொல்வதுதான். ஆனால் 1914இல் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் இந்தியாவின் விடுதலைக்காக ஒரு குழு அமைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அக்டோபரில் பெர்லினுக்குப் போனார். எம்டனோ சீனக் கடலிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றாகச் சேர வழியில்லை. இதனால் அவர் பெருமை ஒரு துளியும் குறையாது. இளம் வயதில் திருவனந்தபுரத்தை விட்டுப் போய், 1934இல் பெர்லினில் சாகும்வரை விடுதலைக்காக உழைத்தவர் அவர். காந்தி மண்டப வளாகத்தில் அவர் சிலையைத் தாண்டித்தான் நான் இப்போது காலையில் நடக்கிறேன். அவர் செய்ததே போதும். செய்யாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான எம்டன் குண்டின் துண்டைப் பார்க்க வேண்டுமானால் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். என்னிடம் இருப்பது அது இல்லை.

என்னிடம் இருப்பது வேறு. தேய்ந்த அரமும் பழைய பட்டையும். பயந்து ஓடிய ஒரு குடும்பம் திரும்பி வந்து, தொலைந்ததற்குப் பதிலாக மயிலாப்பூர்க் கொல்லர் ஒருவர் கையால் அடித்து வாங்கியது. வீட்டில் மூன்று தலைமுறை அதில் பாக்கு நறுக்கியிருக்கிறது. குண்டு இல்லை என்று தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தபோது, பிடியின் நுனியில் அந்தச் சின்னச் சுருளைக் கவனித்தேன். அவசரத்துக்கு அடித்துக் கொடுத்தவர் அதை மட்டும் நிதானமாகச் செய்திருக்கிறார். பித்தளையைத் தொலைத்துவிட்டு நின்ற ஒரு பெண்ணுக்காகச் செய்திருக்கலாம். இதுவும் என் ஊகம்தான். ஊகம் என்று சொல்லியே சொல்கிறேன்.

பேத்திக்கு அதைக் கொடுத்துவிட்டேன். கூடவே மஞ்சள் துணிக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறேன். எது பாட்டி கண்ணால் பார்த்தது, எது அத்தை கேட்டுச் சொன்னது, எது சாணைக்காரப் பெரியவர் இரும்பைப் பார்த்துச் சொன்னது என்று மூன்று பத்தியாக எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, "பாட்டி, குண்டுக் கதைதான் நல்லா இருந்தது" என்றாள். இருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய சாமான் இருக்கும். விளக்கோ, செம்போ, அரிவாள்மணையோ. அதைப் பற்றி யார் முதலில் சொன்னார், அவர் பார்த்தாரா, கேட்டாரா என்று இருக்கிற பெரியவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். என் அத்தை மட்டும் இல்லாவிட்டால் எனக்கு அந்த எழும்பூர் ஸ்டேஷன் தெரிந்தே இருக்காது.

கடைசியாக, மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். நீ இதைப் படிக்கிறாயோ இல்லையோ, உன் நண்பர்கள் யாராவது உன்னிடம் சேர்ப்பார்கள். நீ கேட்டது சரியான கேள்வி. "எப்படித் தெரியும்?" என்பதுதான் வரலாற்றுப் பாடத்தின் முதல் கேள்வி. அதற்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், "எனக்குத் தெரியாதுப்பா, வா, சேர்ந்து தேடலாம்" என்பது. முப்பது வருஷம் தாமதமாகச் சொல்கிறேன். மன்னித்துக்கொள். மதிப்பெண் இன்று உனக்குத்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்